ஒரு பின்னில் எட்டுச் சுரம்: டிஜிட்டல் வெளியீட்டிலிருந்து இசை எழுப்பும் வழி

நுண்கட்டுப்படுத்தி என்ற சின்னக் கணினிச் சிப்பின் டிஜிட்டல் பின்னுக்கு, அதாவது அதன் காலுக்கு, இரண்டு நிலைதான் தெரியும். ஒன்று 5 வோல்ற், மற்றது சைபர். இடையில் எதுவும் இல்லை. வீணைத் தந்தியைப் போல மெல்ல வளைந்து அதிர அதனால் முடியாது. ஆனால் அதை செக்கனுக்கு 480 தடவை ஏற்றி இறக்கினால் காதுக்கு ஒரு சுரம் கேட்கும். 960 தடவை ஏற்றி இறக்கினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் கேட்கும். காலையில் ஒழுங்கைக்குள் வரும் பாண் ஓட்டோவின் கீச்சென்ற மெட்டைக் கேட்டிருப்பீர்கள். அப்படியொரு ஓசையை நீங்களே உண்டாக்கலாம். எவ்வளவு நேரம் மேலே, எவ்வளவு நேரம் கீழே என்ற கணக்குச் சரியாக இருந்தால் போதும். மின்சுற்று சின்னது. கவனமெல்லாம் நேரத்தில் இருக்கவேண்டும்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், வவுனியா என்று வன்னியில் எங்கிருந்தும், உயர்தரத்தில் தொழினுட்பம் படிக்கிற பிள்ளைகளும் நிரல் ஏற்றி ஓட்டும் சின்ன மின்சுற்றுப் பலகையான ஆர்டுயினோ போட்டை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்களும் ஒரு சனி ஞாயிறுக்குள் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

தேவையானவை

ஆர்டுயினோ ஊனோ ஆர்3 அல்லது சாதாரண நானோ போட் ஒன்று. இரண்டிலும் இருப்பது அட்மெகா328பி என்ற ஒரே நுண்கட்டுப்படுத்திதான், 16 மெகாஹேர்ட்ஸில் ஓடுவது. பாசிவ் பஸர் ஒன்று. பழுதான றேடியோவிலிருந்து கழற்றிய 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்று. தடையிகளில் 220 ஓம், 1 கிலோஓம், அரை வாற் தாங்கும் 33 ஓம், ஒவ்வொன்று. 100 மைக்ரோபரட், 16 வோல்ற் கொள்ளளவி ஒன்று. 2என்2222 திரான்சிற்றர் ஒன்று போதும் என்றாலும் மூன்று வாங்கி வையுங்கள், ஏனென்று பிறகு தெரியும். 1என்4148 அல்லது 1என்4007 இருவாயி ஒன்று. பிரெட்போட், பத்து ஜம்பர் வயர், ஒரு மல்ரிமீற்றர்.

யூஎஸ்பி வயரில்தான் பலருடைய முதல் நாள் வீணாகிறது. போன் சார்ஜ் செய்ய மட்டும் செய்த வயர்கள் சிலவற்றில் தரவுக்கான கம்பி இரண்டும் இருக்காது. போட்டில் லைட் எரியும், கணினி அதைக் கண்டுகொள்ளாது. போனிலிருந்து படம் மாற்றப் பயன்படும் வயர் என்றால் நம்பலாம்.

விலை குறைந்த போட்களில் யூஎஸ்பி வேலையைப் பார்ப்பது பெரும்பாலும் சிஎச்340 என்ற சிப். அதற்கான டிரைவர் கணினியில் இருக்கவேண்டும். ஆர்டுயினோ மென்பொருளையும் அந்த டிரைவரையும் நல்ல சிக்னல் உள்ள இடத்தில் ஒருமுறை இறக்கிக்கொண்டால், பிறகு இணையம் இல்லாத வீட்டிலும் வேலை நடக்கும். நானோவுக்கு நிரலை ஏற்றும்போது பிழை வந்தால், புறொசெசர் தெரிவில் ‘ஓல்ட் பூட்லோடர்’ என்பதை மாற்றிப் பாருங்கள்.

பஸரில் இரண்டு வகை உண்டு, பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ‘அக்டிவ்’ வகைக்குள் அலையை உண்டாக்கும் சுற்று ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் எதைக் கொடுத்தாலும் அது தன் ஒரே ஒரு கீச்சுக் குரலைத்தான் தரும். அதில் சுரம் வராது. வாங்கும்போதே 5 வோல்ற்றில் தொட்டுப் பாருங்கள். விடாமல் சத்தம் போட்டால் அக்டிவ், தொடும்போது ‘டிக்’ என்று மட்டும் கேட்டால் பாசிவ். நமக்கு வேண்டியது ‘டிக்’.

முதல் சத்தம்

பஸரின் ஒரு காலை 220 ஓம் தடையி ஊடாக 8ஆம் பின்னுக்கும், மறு காலை கிரவுண்டுக்கும் கொடுங்கள். முதல் நிரலில் ஆயத்தக் கட்டளை எதையும் நாடாதீர்கள். 8ஆம் பின்னை வெளியீடாக அறிவியுங்கள். பிறகு முடிவில்லாச் சுற்றுக்குள் நான்கே செயல்: பின்னை ஏற்று, 1042 மைக்ரோசெக்கன் காத்திரு, பின்னை இறக்கு, 1042 மைக்ரோசெக்கன் காத்திரு. கேட்பது ஏறக்குறைய 480 ஹேர்ட்ஸ். இரண்டு 1042ஐயும் 521 ஆக்குங்கள், மேல் ஸ்தாயி கேட்கும்.

1042 எங்கிருந்து வந்தது? ஒரு செக்கனில் பத்து இலட்சம் மைக்ரோசெக்கன். ஒரு முழு அலைக்கு ஏற்றம் ஒன்று, இறக்கம் ஒன்று, ஆகவே பாதியான 500000ஐ மீடிறனால், அதாவது செக்கனுக்கு எத்தனை அலை என்ற எண்ணால், வகுக்கவேண்டும். 500000ஐ 480ஆல் வகுத்தால் 1041.67. இந்த ஒரு வகுத்தலை மனதில் வைத்திருந்தால் எந்தச் சுரத்துக்கும் நீங்களே கணக்குப் போடலாம்.

சட்சத்துக்கு ஏன் 480

மேற்கத்தேய முறையில் ஏ சுரத்துக்கு 440 ஹேர்ட்ஸ் வைத்து, அரைச்சுரத்துக்கு அரைச்சுரம் 1.05946ஆல் பெருக்கிப்போவார்கள். சினிமாப் பாட்டைக் கீபோர்ட்டோடு சேர்த்து வாசிக்க அது வேண்டும். ஆனால் நம்முடைய பிள்ளைகள் சங்கீத வகுப்பில் முதலில் படிப்பது மாயாமாளவகௌளையில் சரளி வரிசை. அதன் சுரங்களைச் சட்சத்தோடு சுத்தமான பின்னங்களாகவே எழுதலாம்: சுத்த ரிஷபம் 16/15, அந்தர காந்தாரம் 5/4, சுத்த மத்திமம் 4/3, பஞ்சமம் 3/2, சுத்த தைவதம் 8/5, காகலி நிஷாதம் 15/8, மேல் சட்சம் 2.

சட்சத்தை 480 என்று வைத்தால் எட்டுச் சுரமும் முழு எண்ணாகவே விழும்: ஸ 480, ரி 512, க 600, ம 640, ப 720, த 768, நி 900, மேல் ஸ 960. சங்கராபரணம் வேண்டுமென்றால் ரி 540, த 800 என்று இரண்டை மட்டும் மாற்றினால் போதும். மோகனத்துக்கு 480, 540, 600, 720, 800, 960. ஆர்டுயினோவின் ‘டோன்’ கட்டளை மீடிறனை முழு எண்ணாகத்தான் வாங்கும் என்பதால் இந்தத் தெரிவு இன்னும் வசதி. பாடுபவரின் சுருதி வேறாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் பெருக்குங்கள். 5 கட்டைக்குச் சட்சம் 392, ஆகவே ஒவ்வொரு எண்ணையும் 392ஆல் பெருக்கி 480ஆல் வகுக்கவேண்டும்.

சட்சத்தை 240இல் வைத்தாலும் முழு எண்கள்தான் வரும். ஆனால் சின்ன பஸர்கள் 2000 முதல் 4000 ஹேர்ட்ஸ் வரையில்தான் நன்றாக ஒலிக்கும், கீழே போகப்போக மெலிந்துவிடும். பஸருக்கு 480, ஸ்பீக்கருக்கு 240 என்று வைத்துக்கொள்ளலாம்.

வரிசையை நிரலாக்குதல்

சுரங்களை ஓர் அட்டவணையில் எழுதுங்கள். முதல் இடத்தில் சைபரை வையுங்கள், பிறகு 480இலிருந்து 960 வரை எட்டும். நிரலில் அட்டவணையின் எண்ணிக்கை சைபரில்தான் தொடங்கும். முதல் இடத்தை மௌனத்துக்குக் கொடுத்துவிட்டால் ஸ என்பது 1, ரி என்பது 2 என்று மேல் ஸ 8 வரை இயல்பாக அமையும். இதைச் செய்யாதவர்களுக்குப் பாட்டு முழுவதும் ஒரு சுரம் தள்ளிக் கேட்கும்.

சரளி வரிசையின் முதல் வரி அப்போது 1 2 3 4 5 6 7 8, 8 7 6 5 4 3 2 1 என்றாகிவிடும். ஒவ்வொரு சுரத்துக்கும் பக்கத்தில் இரண்டாவது எண்ணொன்றை எழுதுங்கள். அது எத்தனை அட்சரம் நீளும் என்பதைச் சொல்லும். கார்வை வரும் இடத்தில் 2 அல்லது 3. அட்சர நேரத்தை ஒரே ஒரு மாறியில் வைத்திருங்கள். முதற் காலத்துக்கு 1000 மில்லிசெக்கன், இரண்டாம் காலத்துக்கு 500, மூன்றாம் காலத்துக்கு 250. ஓர் எண்ணை மாற்றினால் காலம் மாறும், வரிசையைத் தொடவே வேண்டியதில்லை.

பின்னை நீங்களே ஏற்றி இறக்கும் முறையில் சுரத்தின் நீளத்தை எத்தனை அலை என்று எண்ணித்தான் நிறுத்தமுடியும். இங்கே புதியவர்கள் இரண்டு குழிகளில் விழுவார்கள். எல்லாச் சுரத்துக்கும் ஒரே எண்ணிக்கை, உதாரணமாக 240 அலை, கொடுத்தால் கீழ் ஸ அரைச் செக்கன் ஒலிக்கும், மேல் ஸ கால் செக்கனில் முடிந்துவிடும். ஆரோகணத்தில் பாட்டு ஓடும், அவரோகணத்தில் தளரும். அலைகளின் எண்ணிக்கை மீடிறனை மில்லிசெக்கனால் பெருக்கி 1000ஆல் வகுத்து வரவேண்டும். அப்படிப் பெருக்கும்போது 960ஐ 500ஆல் பெருக்கினால் 480000. ஆர்டுயினோ ஊனோவில் சாதாரண ‘இன்ட்’ மாறி 32767க்கு மேல் தாங்காது. எண் வழிந்து ஏதோ ஒரு பெறுமானம் வரும், சுரம் கேட்காமலே போகலாம். ‘லோங்’ மாறியைப் பயன்படுத்துங்கள்.

இது ஓடிய பிறகு டோன் கட்டளைக்கு மாறுங்கள். பின் எண், மீடிறன், நேரம் என்று மூன்றைக் கொடுத்தால் சிப்புக்குள் நேரத்தை எண்ணும் பாகமான டைமர் 2 அலையை எழுப்பும். ஆனால் டோன் சுரத்தைத் தொடக்கிவிட்டு உடனே அடுத்த வரிக்குப் போய்விடும், முடியும்வரை காத்திருக்காது. அதன் பிறகு அட்சர நேரத்துக்கு ‘டிலே’ போடாவிட்டால் எட்டுச் சுரமும் கண் இமைக்கும் நேரத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு கடைசிச் சுரம் மட்டும் கேட்கும். அட்டவணையில் சைபர் வந்தால் டோனுக்குச் சைபரைக் கொடுக்காமல் ‘நோ டோன்’ கட்டளையைக் கொடுங்கள். டோன் ஓடும்போது 3ஆம், 11ஆம் பின்களில் லைட்டை மங்கலாக்கும் வேலை நடக்காது, அவையும் டைமர் 2ஐ நம்பியிருப்பவை.

சரளி வரிசை சரியாக வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் ஜண்டை வரிசைக்குப் போனால், ஸஸ ரிரி கக மம என்று எழுதியது நீண்ட ஸ, நீண்ட ரி என்றே கேட்கும். பாடகர் ஜண்டையில் இரண்டாவது சுரத்தை அழுத்திப் பாடுவார். பின்னுக்கு அந்த அழுத்தம் இல்லை, ஒரே மீடிறன் இரண்டு தடவை வந்தால் அது ஒரு நீண்ட சுரம்தான். ஆகவே இடையில் சிறு மௌனம் விடவேண்டும். அட்சரம் 500 மில்லிசெக்கன் என்றால் 450 ஒலி, 50 மௌனம். மூன்றாம் காலத்தில் 225 ஒலி, 25 மௌனம். 20க்குக் கீழே போனால் பிரிவு தெளிவாகத் தெரியாது. எல்லாச் சுரத்துக்கும் இந்த இடைவெளியை விட்டால் பாட்டு துண்டு துண்டாகிவிடும். அடுத்த சுரம் அதேதானா என்று நிரல் பார்த்து, அதேயென்றால் மட்டும் விடட்டும். இந்த ஒரு சோதனை வரியால் பாட்டின் தரம் எவ்வளவு உயர்கிறது என்பதை நீங்களே கேட்பீர்கள்.

ஸ்பீக்கருக்கு மாறும்போது

8 ஓம் ஸ்பீக்கரை நேரே பின்னில் கொடுக்காதீர்கள். 5ஐ 8ஆல் வகுத்தால் 0.625 அம்பியர், அதாவது 625 மில்லிஅம்பியர். அட்மெகா328பியின் ஒரு பின்னுக்கு உச்ச வரம்பு 40, பாதுகாப்பாக எடுக்கக்கூடியது 20. சில நிமிடம் பாடிவிட்டு அந்தப் பின் செத்துப்போகலாம், சிப்பே போகலாம். 220 ஓம் தடையியைத் தொடராகப் போட்டால் 22 மில்லிஅம்பியர், தாங்கும். அதோடு 100 மைக்ரோபரட் கொள்ளளவியையும் தொடராக, நேர் முனை 8ஆம் பின்னை நோக்கி இருக்கப் போட்டால் ஸ்பீக்கர் கூம்பு ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு நிற்காது. இப்படிக் கேட்கும் சத்தம் மெல்லியது. மேசையில் இருந்து படிக்கப் போதும், முற்றத்துக்கு எட்டாது.

முற்றத்துக்கு எட்டவேண்டுமென்றால் திரான்சிற்றர். எமிற்றரைக் கிரவுண்டுக்குக் கொடுங்கள். 8ஆம் பின்னிலிருந்து 1 கிலோஓம் ஊடாக பேஸுக்கு. கலெக்டரிலிருந்து ஸ்பீக்கரின் ஒரு முனைக்கு, மறு முனையிலிருந்து 33 ஓம் ஊடாக 5 வோல்ற்றுக்கு. இருவாயியை ஸ்பீக்கரின் இரு முனைகளுக்கும் குறுக்கே, அதன் கோடு 5 வோல்ற் பக்கம் பார்க்க வையுங்கள். ஸ்பீக்கருக்குள் இருப்பது சுருள். மின்னோட்டத்தைத் திடீரென நிறுத்தும்போது அது திருப்பி உதைக்கும், இருவாயி அந்த உதையை வாங்கிக்கொள்ளும். இந்தச் சுற்றில் ஏறக்குறைய 120 மில்லிஅம்பியர் ஓடும். கடையில் பிசி547ஐ எடுத்துத் தந்தால் வேண்டாம், அதன் வரம்பே 100 மில்லிஅம்பியர்தான்.

மூன்று திரான்சிற்றர் வாங்கச் சொன்னதன் காரணம் இதுதான். பிளாஸ்ரிக் உடம்புள்ள 2என்2222 இரண்டு விதமான கால் வரிசையில் வருகிறது. தட்டையான முகம் உங்களைப் பார்க்கப் பிடித்தால் பிஎன்2222ஏ இல் இடமிருந்து எமிற்றர், பேஸ், கலெக்டர். பி2என்2222ஏ இல் அதற்கு நேர்மாறு. தலைகீழாகப் போட்டால் சத்தம் வரும், ஆனால் மெலிந்து வரும், திரான்சிற்றர் சுடும். பழுது எங்கே என்று மணிக்கணக்கில் தேடவேண்டியிருக்கும். மல்ரிமீற்றரில் திரான்சிற்றர் சோதிக்கும் துளை இருந்தால் இரு விதமாகவும் செருகிப் பாருங்கள். பெரிய எண் காட்டும் வரிசைதான் சரி.

பின்னை நீங்களே ஏற்றி இறக்கும் நிரலில் கடைசியாகப் பின் இறங்கிய நிலையில் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். ஏறிய நிலையில் நின்றால் பாட்டு முடிந்த பிறகும் மின்னோட்டம் ஸ்பீக்கருக்குள் ஓடிக்கொண்டே இருக்கும், 33 ஓம் தடையி கையில் சுடும்.

வெறும் ஸ்பீக்கர் மேசையில் கிடந்தால் கீழ்ச்சுரம் கேட்காது. கூம்பின் முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் ஒன்றையொன்று அழித்துவிடும். இரண்டையும் பிரித்துவையுங்கள். சின்ன ஸ்பீக்கர் என்றால் பெரிய தேங்காய்ச் சிரட்டையின் வாயில் பொருத்தி ஓரத்தைப் பசையால் அடைக்கலாம். தடித்த அட்டைப்பெட்டியில் வட்டமாக வெட்டியும் ஒட்டலாம். செலவில்லாத வேலை, வித்தியாசமோ பெரிது.

மின்சாரமும் மழையும்

போன் சார்ஜர் நல்லது. பவர்பாங்கில் ஓட்டினால், மின்னோட்டம் குறைவு என்று கண்டு சில பவர்பாங்குகள் அரை நிமிடத்தில் தாமாகவே நின்றுவிடும். இது போட்டின் பழுது அல்ல. மோட்டார்சைக்கிள் பற்றரியின் 12 வோல்ற்றை ஊனோவின் வட்ட சொக்கற்றில் கொடுக்கலாம், ஆனால் மிச்ச 7 வோல்ற்றையும் போட்டிலுள்ள ரெகுலேற்றர்தான் வெப்பமாக எரிக்கும். 120 மில்லிஅம்பியர் ஸ்பீக்கரோடு அது தொடமுடியாத சூடாகும். 12 வோல்ற்றிலிருந்து 5 ஆக்கும் கார் சார்ஜரை இடையில் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் கணினியையும் போட்டையும் சுவர்ப் பிளக்கிலிருந்து கழற்றிவிட்டு, மடிக்கணினியின் பற்றரியில் வேலை செய்யுங்கள். கோடையில் செம்மண் புழுதி பிரெட்போட் துளைக்குள் இறங்கினால் சுரம் கரகரக்கும். வேலை முடிந்ததும் ஒரு பையில் போட்டு வைத்தால் போதும்.

சுருதி சரிபார்த்தல்

பாடசாலையின் பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் இசைக்கவைப் பெட்டி இருந்தால் ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். 256, 320, 384, 480, 512 என்று பொறித்த கவைகள் அந்தத் தொகுதிகளில் வழக்கமாக இருக்கும். மேலே சட்சத்தை 240 அல்லது 480 என்று வைத்ததால் இவை அப்படியே நம் சுரங்களாகின்றன: 480 ஸ, 512 ரி, கீழ் ஸ்தாயியில் 256 ரி, 320 ம, 384 த. கவையை இறப்பரில் தட்டி அடியை மேசையில் ஊன்றி, அதே சுரத்தை போட்டில் ஒலிக்கவிடுங்கள். ஓசை கூடிக் குறையும் அடிப்புகளை எண்ணுங்கள். செக்கனுக்கு எத்தனை அடிப்போ அத்தனை ஹேர்ட்ஸ் வித்தியாசம். உயர்தரத்தில் படிக்கும் பாடம் காதில் கேட்கும் இடம் இது.

நீங்களே ஏற்றி இறக்கும் நிரலில் மூன்று அடிப்பு அளவில் கேட்கக்கூடும். பின்னை மாற்றும் கட்டளைக்கே 4, 5 மைக்ரோசெக்கன் போகிறது. 1042இல் அது சின்னது, 521இல் இரு மடங்கு பெரிது. எனவே மேலே போகப்போகச் சுருதி இறங்கும். காத்திருக்கும் நேரத்தில் 5ஐக் கழித்துவிட்டால் சீராகும். டோனில் வேறு விதமான பிழை. டைமர் 2 எட்டு பிட், 255 வரைதான் எண்ணும் என்பதால் 480 கேட்டால் 480.8, 720 கேட்டால் 722.5, 900 கேட்டால் 905.8 என்று பக்கத்திலுள்ள பெறுமானத்துக்கு ஒதுங்கிவிடும். நிஷாதம் கூர்மையாகக் கேட்பது இதனால்தான். இவற்றோடு, ஊனோவில் கடிகாரத் துடிப்பைத் தருவது 0.5 சதவீதம் விலகக்கூடிய செராமிக் பாகம். அது எல்லாச் சுரத்தையும் ஒரே விகிதத்தில் நகர்த்துவதால் பாட்டைக் கெடுக்காது.

சுத்தமான சுருதி வேண்டுமென்றால் பதினாறு பிட் உள்ள டைமர் 1க்குப் போங்கள். அது 9ஆம் பின்னைத் தானே மாற்றும், நிரல் எதுவும் செய்யவேண்டியதில்லை. பஸரையோ திரான்சிற்றரையோ 9ஆம் பின்னுக்கு மாற்றி அதை வெளியீடாக அறிவித்துவிட்டு, டைமரை ஆளும் எண்கள் இருக்கும் பதிவகங்களில், டிசிசிஆர்1ஏ (TCCR1A) பதிவகத்துக்கு 64, டிசிசிஆர்1பி (TCCR1B) பதிவகத்துக்கு 10 என்று முழு எண்ணாகவே எழுதுங்கள். ஏற்கெனவே அவற்றில் வேறு பிட்டுகள் இருக்கும், கூட்டி எழுதினால் வேலை செய்யாது. பிறகு பத்து இலட்சத்தைச் சுரத்தின் மீடிறனால் வகுத்து, ஒன்றைக் கழித்து ஓசிஆர்1ஏ (OCR1A) பதிவகத்தில் போட்டால் சுரம் வரும். டிசிசிஆர்1ஏக்குச் சைபர் எழுதினால் மௌனம். சுரம் மாறும் ஒவ்வொரு தடவையும் டைமரின் எண்ணியான டிசிஎன்டி1ஐ (TCNT1) சைபராக்குங்கள். இல்லாவிட்டால் எண்ணி புதிய எல்லையைத் தாண்டிய நிலையில் சிக்கி, 65535 வரை போய்த் திரும்பும்வரை 33 மில்லிசெக்கன் அளவு சுரம் விழுங்கப்படும். மேலே ஏறும் சுரங்களில் மட்டும், அதுவும் இடைக்கிடை இப்படி நடந்தால் காரணம் இதுதான்.

டைமர் 1ஐப் பாட்டுக்குக் கொடுத்துவிட்டால் டைமர் 2 சும்மா இருக்கிறது. அதில் 8ஆம் பின்னில் இன்னொரு ஸ்பீக்கரை வைத்து டோனால் சுருதி போடலாம். ஆனால் 240 கேட்டால் டோன் தருவது 240.4. சதுர அலைக்குள் மூன்று மடங்கு மீடிறனும் கலந்திருப்பதால் அந்தச் சுருதியில் 721 உம் ஒலிக்கும். உங்கள் பஞ்சமமோ 720. பஞ்சமத்தில் நிற்கும் இடமெல்லாம் ஓசை செக்கனுக்கு ஒருமுறை அலையும். இதற்காகச் சட்சத்தை 500க்கு நகர்த்துங்கள். சுருதிக்கு 250 கேட்டால் டோன் பிசகில்லாமல் 250ஐயே தரும். டைமர் 1க்குப் பத்து இலட்சத்தை வகுத்து வரும் எண்கள் ஸ 2000, ரி 1875, க 1600, ம 1500, ப 1333, த 1250, நி 1067, மேல் ஸ 1000. ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்து அட்டவணையில் எழுதி, முதலில் சுருதியை மட்டும் ஒலிக்கவிட்டு, அதன் மேல் பஞ்சமத்தை நீட்டிப் பாருங்கள். அலை ஏறக்குறைய நின்றிருக்கும்.